நடுநிசியில் மரத்துப் போகும் கை
கத்தி வைக்காமலே குணப்படுத்தலாம், காலம் தாழ்த்தாவிட்டால்

இரவு இரண்டு மணி, மூன்று மணிக்குத் தூக்கம் கலைகிறது. வலது கை தன்னுடையதே அல்ல என்பது போலக் கிடக்கிறது. விரல்களில் ஊசி குத்துகிறது. நெருப்பு மாதிரி எரிகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்று நேரத்தில் உயிர் வருகிறது. மறுபடி படுத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி அதே கதை. விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்ற வேண்டியவருக்கும், ஏழு மணி லோக்கலைப் பிடிக்க வேண்டியவருக்கும் வாரக்கணக்கில் இப்படித் தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மும்பையில் பிழைக்க வந்த நம்மவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வாயு என்பார் ஒருவர். ரத்த ஓட்டம் சரியில்லை என்பார் இன்னொருவர். பக்கவாதத்துக்கு முன்னறிவிப்போ என்று உள்ளுக்குள் பயந்து, வீட்டில் சொல்லாமல் மறைப்பவரும் உண்டு. தெருமுனை மருந்துக் கடையில் கேட்டால் சத்து மாத்திரை ஓர் அட்டை கிடைக்கும். அது தீர்ந்ததும் இன்னோர் அட்டை. 'பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போடுவது அதற்கு அடுத்த கட்டம்.

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம் வாயுவும் அல்ல, ரத்தக் குறைவும் அல்ல. மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குகிறது. டாக்டர்கள் இதைக் கார்ப்பல் டனல் ஸிண்ட்ரோம் என்கிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மணிக்கட்டுப் பட்டையை இரவில் கட்டிக் கொள்வதாலேயே பலருக்கு இது அடங்கிவிடுகிறது. கவனியாமல் விட்டால் கட்டை விரலின் அடியில் உள்ள சதை கரைந்து, ஊசியில் நூல் கோக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் முடியாத நிலை வந்துவிடும். கையை நம்பிப் பிழைப்பவன் கையை இழந்தால் அவனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

மணிக்கட்டுக்குள் ஒரு நெரிசல்

உள்ளங்கையும் முன்கையும் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே தோலுக்கு அடியில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. மணிக்கட்டின் சிறு எலும்புகள் கீழே ஓடை போல் வளைந்து நிற்கின்றன. அந்த ஓடைக்கு மேலே கூரை போட்டாற்போல ஒரு கெட்டியான பட்டை குறுக்கே ஓடுகிறது. இந்தக் கூரைக்கும் தரைக்கும் இடையே பத்துப் பொருள்கள் நுழைந்து போகின்றன. ஒன்பது, விரல்களை மடக்கும் கயிறு போன்ற நாண்கள். பத்தாவது, மீடியன் நரம்பு.

காலை ஒன்பது மணிக்கு தாதர் ஸ்டேஷனில் வந்து நிற்கும் மின்சார ரயிலை நினைத்துக் கொள்ளுங்கள். பெட்டியின் அளவு கூடாது. ஆள் மட்டும் ஏறிக் கொண்டே இருக்கும். இடிபாட்டில் திடகாத்திரமானவர்கள் தாக்குப் பிடிப்பார்கள். மூச்சு முட்டுவது மெலிந்தவருக்குத்தான். மணிக்கட்டுக்குள் அந்த மெலிந்த பயணி நரம்பு. நாண்களைச் சுற்றியுள்ள உறை சிறிது தடித்தாலும், உடம்பில் நீர் கோத்தாலும், அவதிப்படுவது அதுதான்.

இந்த நெரிசலை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1981-இல் அமெரிக்க மருத்துவர்கள் இந்த வழிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே பாதரசக் கணக்கில், நோயில்லாதவர்களுக்குக் கையை நேராக வைத்திருக்கும்போது சராசரி 2.5 மில்லிமீட்டர் இருந்தது. நோயாளிகளுக்கோ 32. மணிக்கட்டை மடக்கியபோது நோயாளிகளுக்கு 90-ஐத் தாண்டியது. பின்பக்கம் வளைத்தபோது 100-ஐயும் தாண்டியது. நரம்புக்கு ஊட்டம் கொண்டு போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் முப்பதிலேயே திணற ஆரம்பித்துவிடும்.

இந்தக் கணக்கில்தான் இரவில் கை மரத்துப் போகும் ரகசியமும் இருக்கிறது. தூங்கும்போது நாம் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கு அடியிலோ மார்போடு சேர்த்தோ வைத்துக் கொள்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் ஒருக்களித்துப் படுக்கும் இடத்தில் கையை நீட்டி வைக்க இடமேது? மணிக்கணக்கில் மடங்கிய மணிக்கட்டு நரம்பின் கழுத்தை நெரிக்கிறது. உதறினால் சரியாவதும் இதனால்தான். 'உதறினால் விட்டுப் போகிறதா?' என்பது டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

சுண்டு விரல் சொல்லும் சாட்சி

மீடியன் நரம்பு கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் நடு விரலை ஒட்டிய பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருகிறது. சுண்டு விரல் வேறொரு நரம்பின் ஆட்சியில் இருக்கிறது. ஆகவே மரத்துப் போகும்போது சுண்டு விரலைக் கிள்ளிப் பாருங்கள். அது மட்டும் சொரணையோடு இருந்து, மற்றவை மரத்திருந்தால் மணிக்கட்டின் மேல் சந்தேகம் வலுக்கிறது. சுண்டு விரலும் அதையொட்டிய பாதி மோதிர விரலும் மட்டும் மரத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில். தூக்கக் கலக்கத்தில் எல்லா விரலும் மரத்தது போலத் தோன்றும். அதனால் விளக்கைப் போட்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

வீட்டிலேயே செய்யக் கூடிய சோதனை ஒன்று உண்டு. இரு புறங்கைகளையும் மார்புக்கு நேரே ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையை நோக்கித் தொங்கும்படி மணிக்கட்டை மடக்கி, ஒரு நிமிஷம் வைத்திருங்கள். அந்த நிமிஷத்துக்குள் கட்டை விரலிலும் அடுத்த இரு விரல்களிலும் மரமரப்பு வந்தால் அது ஒரு தடயம். 1950-களில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் இந்த நோயை உலகறியச் செய்த ஃபேலன் என்ற டாக்டரின் பெயரால் வழங்கும் சோதனை இது. வராவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தடயம் வேறு, தீர்ப்பு வேறு. தீர்ப்புச் சொல்ல நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. எல்லாருக்கும் அது அவசியமில்லை. சந்தேகம் இருந்தாலும், ஆபரேஷன் வரை போகிற நிலை இருந்தாலும் டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

கை மரத்தால் எல்லாம் மணிக்கட்டுத்தான் என்று எண்ணுவதும் ஆபத்து. கழுத்து எலும்புத் தேய்விலும் கை மரக்கும். அப்போது கழுத்தைத் திருப்பினால் தோளிலிருந்து வலி இறங்கும். இரு பாதங்களும் சேர்ந்து மரத்தால் சர்க்கரை நோயையும் பி-12 வைட்டமின் குறைவையும் பார்க்க வேண்டும். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து அங்கே தொடு உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோய்ப் பரிசோதனைக்கு உடனே போக வேண்டும். அதற்கு அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள்; வெட்கப்பட்டு மறைத்தால்தான் விரல் போகும். திடீரென்று ஒரு பக்கம் கையும் காலும் வலுவிழந்து வாய் கோணினால், அல்லது நெஞ்சு வலியும் வியர்வையும் சேர்ந்து இடது கை கனத்தால், இந்தக் கட்டுரையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

யாருக்கு வருகிறது?

ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு அதிகம். நாற்பதிலிருந்து அறுபது வயது வரை மிகுதி. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, மூட்டு வாதம், உடல் பருமன், முன்பு எப்போதோ மணிக்கட்டு எலும்பு முறிந்து கூடியது ஆகியவை வழி வகுக்கின்றன. ஆகவே கை மரத்துப் போகிறது என்று போனால் டாக்டர் ரத்தத்தில் சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்வது வீண் செலவல்ல. தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் கையும் சரியானவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் உடம்பில் நீர் கோப்பதால் இது வரும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே போய்விடும். அதுவரை இரவுப் பட்டை போதும்.

வேலையின் பங்கு என்ன? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. பலம் கொடுத்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப நெடுநேரம் செய்வது, அதிரும் கருவிகளைப் பிடிப்பது, மணிக்கட்டை மிகவும் மடக்கியோ வளைத்தோ வேலை செய்வது ஆகிய மூன்றையும் அது காரணமாகச் சொல்கிறது. இந்த மூன்றும் நம்மவர்கள் செய்யும் வேலைகளில் குறைவில்லாமல் இருக்கின்றன. கட்டட வேலையில் கான்கிரீட் உடைக்கும் டிரில்லைப் பிடிப்பவர், லேத் பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவர், தாராவித் தோல் பட்டறையில் நாள் முழுதும் கத்தரிக்கோல் போடுபவர், ஓட்டலில் மாவுப் பாத்திரம் தூக்கிக் காய் நறுக்குபவர், பல வீடுகளில் துணி பிழியும் பெண்கள், ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி பத்து மணி நேரம் சாமான் கொண்டு கொடுக்கும் பையன்கள் எல்லாரும் இதில் சேர்த்தி.

டைப் அடிக்கும் குமாஸ்தாக்களோ இது தங்கள் நோய் என்று நினைக்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் விசைப்பலகை அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை என்று தெரிகிறது. டென்மார்க்கில் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ஏழாயிரம் பேரை ஒரு வருஷம் கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, விசைப்பலகைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காணவில்லை. வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் மௌஸ் பிடிப்பவர்களிடம் மட்டும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. டிரில் பிடிப்பவரின் கையை யாரும் பேசுவதில்லை, ஏர்கண்டிஷன் அறையில் இருப்பவரின் கையைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதுகின்றன என்றால், அதில் நியாயம் இருக்கிறது.

இரவுப் பட்டை

மருந்துக் கடையில் 'ரிஸ்ட் ஸ்பிளிண்ட்' என்று கேட்க வேண்டும். துணியும் ரப்பருமாக இருக்கும் வெறும் பட்டை வேண்டாம். கிரேப் பாண்டேஜும் வேண்டாம். அவை இறுக்குமே தவிர மணிக்கட்டு மடங்குவதைத் தடுக்காது. உள்ளங்கைப் பக்கம் ஓர் உலோகத் தகடு செருகியிருக்கும் பட்டையைப் பார்த்து வாங்குங்கள். விரல்களும் கட்டை விரலும் தாராளமாக அசைய வேண்டும். மணிக்கட்டு மட்டும் அசையக் கூடாது.

இதில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று. கடையில் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் அந்தத் தகடு கையைப் பின்பக்கம் சற்றுத் தூக்கி வைக்கும்படி வளைந்திருக்கும். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் அது சரி. நரம்புக்கு வேண்டியதோ நேரான மணிக்கட்டு. முன்னே சொன்ன அழுத்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பின்னால் வளைத்தாலும் அழுத்தம் ஏறும். தகட்டை உருவி எடுத்து, மேஜை விளிம்பில் அழுத்தி நிமிர்த்தி, மறுபடி செருகிக் கட்டிக் கொள்ளுங்கள். கட்டிய பிறகு முன்கையும் புறங்கையும் ஒரே நேர்க்கோட்டில், ஒரு ஸ்கேலை வைத்தால் ஒட்டும்படி இருக்க வேண்டும்.

இறுக்கிக் கட்டினால் அதிகப் பலன் என்று நினைக்காதீர்கள். இறுக்கமே நரம்பை அமுக்கும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டும் என்பது உண்மைதான். உள்ளே மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக் கொண்டால் அரிப்பு இல்லாமல் இருக்கும். முதல் இரண்டு மூன்று இரவுகள் தூக்கம் கெடும், பிறகு பழகிவிடும். ஒரு வாரம் கட்டிவிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று மூலையில் எறிந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. குறைந்தது ஆறு வாரம், ஓர் இரவும் விடாமல் கட்ட வேண்டும். பகலில் கட்டிக் கொண்டு வேலை செய்யத் தேவையில்லை. பட்டையை எதிர்த்துக் கொண்டு வேலை செய்தால் கைக்கு இன்னும் சிரமம்தான்.

கடைப் பட்டை பொருந்தாதவர்கள் பெரிய மருத்துவமனைகளின் ஆக்குபேஷனல் தெரபி பிரிவுக்குப் போகலாம். கையின் அளவுக்கே பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைத்துச் செய்து தருவார்கள். இந்த விஷயத்தில் மும்பைக்கு ஒரு பெருமை உண்டு. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர் என்ற பெண்மணி, பரேலில் உள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் 1950-இல் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். நாட்டில் இந்தத் துறைக்கு அதுவே பிள்ளையார் சுழி.

பட்டை எத்தனை பேருக்கு உதவும்? ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 176 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் மற்றதற்கு ஆறு வாரம் இரவுப் பட்டையும் கொடுத்துப் பார்த்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் ஆபரேஷன் பிரிவில் நூற்றுக்கு 80 பேர் தேறினார்கள். பட்டைப் பிரிவில் 54 பேர். ஒன்றரை வருஷத்தில் முறையே 90, 75. ஆனால் அதற்குள் பட்டைப் பிரிவில் நூற்றுக்கு 41 பேர் ஆபரேஷனும் செய்து கொண்டுவிட்டார்கள். பாதிக்குமேல் கத்தி இல்லாமலே காலம் தள்ளியிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தொல்லை ஆரம்பித்துச் சில மாதமே ஆனவர்களுக்கும், வந்து வந்து போகும் மரமரப்பு உள்ளவர்களுக்கும் பட்டையால் பலன் அதிகம்.

ஊசியும் மாத்திரையும்

மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவது அடுத்த படி. இங்கிலாந்தில் 234 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான சோதனையில், ஆறு வாரத்தில் பட்டையைவிட ஊசி நன்றாக வேலை செய்தது. ஆறு மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஸ்வீடனில் பட்டை கட்டியும் தேறாத 111 பேருக்கு ஊசி போட்டுப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். பத்து வாரத்தில் நல்ல குணம் தெரிந்தது. ஆனால் ஒரு வருஷத்துக்குள் அதிக அளவு மருந்து ஏற்றிக் கொண்டவர்களிலும் நூற்றுக்கு 73 பேர் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆகவே ஊசி என்பது வாங்கிக் கொள்ளும் தவணைதான், கடன் தள்ளுபடி அல்ல. பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும் பெண்ணுக்கும், பண்டிகைக் கால வேலை முடியும்வரை தாக்குப் பிடிக்க வேண்டிய தையல்காரருக்கும் தவணையே பெரிய உதவி. சர்க்கரை நோயாளிகள் ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில நாளைக்குச் சர்க்கரை ஏறும்.

வலி மாத்திரைகளால் இந்த நோய்க்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. வயிறுதான் புண்ணாகும். வைட்டமின் பி-6 மாத்திரை இதற்குக் கைகண்ட மருந்து என்று ஒரு காலத்தில் பரவிய நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, அதையே பெரிய அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் நரம்பு கெட்டுக் கை கால் மரக்கும் என்று 1983-லேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். கை மரக்கிறது என்று மாத்திரை சாப்பிட்டு, மாத்திரையால் கை மரப்பது வேடிக்கையாக இருக்கலாம்; சாப்பிட்டவருக்கு வேடிக்கை இல்லை. வைட்டமின் குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் டாக்டர் சொல்லும் அளவு சாப்பிடுவது வேறு விஷயம்.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றியும் கேட்பார்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் தடவி நீவினால் இதமாக இருக்கும். கெடுதல் இல்லை. ஆனால் மணிக்கட்டின் உட்புறத்தில் கட்டை விரலால் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள்.

யோகாசனத்துக்கு ஒரு நல்ல சாட்சியம் உண்டு. புனேயில் வாழ்ந்த பி.கே.எஸ். ஐயங்காரின் முறையைப் பின்பற்றி ஃபிலடெல்ஃபியாவில் 42 பேரிடம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. வாரம் இரண்டு முறை, எட்டு வாரம் ஆசனம் செய்தவர்களுக்கு வலி குறைந்தது, பிடி வலுத்தது. நரம்பில் செய்தி ஓடும் வேகம் மட்டும் குறிப்பிடும்படி மாறவில்லை. சிறிய ஆய்வுதான். பட்டையோடு சேர்த்துச் செய்யலாம். உள்ளங்கையை ஊன்றி உடம்பின் பாரத்தை மணிக்கட்டில் போடும் ஆசனங்களை மட்டும் கை தேறும்வரை தள்ளி வையுங்கள்.

பகல் வேலையில்

கத்தரியோ கத்தியோ பிடிப்பவர்கள் கூர் மழுங்க விடக் கூடாது. மழுங்கிய கத்திக்கு இரண்டு மடங்கு பலம் வேண்டும். கைப்பிடியில் துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றிப் பருமனாக்கினால் பிடியின் அழுத்தம் குறையும். டிரில் பிடிப்பவர்கள் முறை மாற்றிக் கொள்ள மேஸ்திரியிடம் கேட்க வேண்டும்; ஒரே ஆளை எட்டு மணி நேரமும் நிறுத்துவது அவர் கையைத் தின்றுவிடும். துணியை முறுக்கிப் பிழியாமல் கொடியில் நீர் சொட்டப் போடலாம். கம்ப்யூட்டர்க்காரர்கள் விசைப்பலகையின் பின்னால் உள்ள சிறு கால்களை மடக்கி விடுங்கள். அவை பலகையை உயர்த்தி மணிக்கட்டைப் பின்னால் வளைக்கின்றன. மேஜை உயரமானால் நாற்காலியை உயர்த்தி, காலுக்கு ஒரு பலகை போடுங்கள். படுத்துக் கொண்டு செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் படம் பார்ப்பது இந்த நோய்க்கு விருந்து வைப்பது மாதிரி.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மரமரப்பு வந்து போவதை விட்டுப் பகலும் இரவும் நிலையாக நின்றுவிட்டால் காத்திருக்கக் கூடாது. கையிலிருந்து டம்ளர் நழுவினால், சில்லறையைத் தொட்டு இனம் காண முடியாவிட்டால் காத்திருக்கக் கூடாது. இரு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டை விரலின் அடியில் உள்ள சதை மேடு ஒரு கையில் தட்டையாகி விட்டதா? கட்டை விரலைச் சுண்டு விரல் நுனியில் வைத்து வட்டம் போட வலுவில்லையா? அப்படியானால் பட்டையும் ஊசியும் உங்களுக்கு அல்ல. எலும்பு, நரம்பு அல்லது கை அறுவை நிபுணரை உடனே பார்க்க வேண்டும். வற்றிய சதை முழுதாகத் திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஒன்றரை, இரண்டு மாதம் ஒழுங்காகப் பட்டை கட்டியும் குணம் தெரியாதவர்களும் போக வேண்டும்.

ஆபரேஷன் என்றால் பதற வேண்டாம். அந்தக் கூரைப் பட்டையை வெட்டி இடம் விடுவதுதான் வேலை. கைக்கு மட்டும் மரத்துப் போகும் ஊசி போட்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். கனமான வேலைக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும் என்பதால் விடுப்பை முன்கூட்டியே பேசிக் கொள்வது நல்லது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குச் சிகிச்சையோடு, டாக்டர் சான்றிதழின் பேரில் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைக்க வழி இருக்கிறது. சந்தா பிடிக்கிறார்கள், அட்டை கையில் இல்லை என்றால் நோய் வருமுன்பே கணக்குப் பிள்ளையிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

பாஷை தெரியாத ஊரில் வைத்தியம் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நம் ஆட்கள் 'ஹாத் மே கம்ஸோரி' என்று சொல்வார்கள். கம்ஸோரி என்றால் பலவீனம். பலவீனம் என்று கேட்ட டாக்டர் டானிக் எழுதிக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'ராத் கோ உங்லியான் சுன்ன் ஹோ ஜாதீ ஹை' என்று சொல்லுங்கள். இரவில் விரல்கள் மரத்துப் போகின்றன என்று பொருள். ஊசி குத்துவதற்கு ஹிந்தியில் 'ஜுன்ஜுனி'. மராட்டியில் 'ஹாதாலா முங்க்யா யேதாத்' என்பார்கள். கையில் எறும்பு வருகிறது என்று அர்த்தம். எறும்பு ஊர்கிறது என்று நாமும் சொல்கிறோமே, அதேதான்.

பாஷையே வேண்டாத வழியும் ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் உங்கள் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து கொள்ளுங்கள். இரவில் மரக்கும் இடங்களை அதில் கறுப்பாகத் தீட்டுங்கள். எத்தனை மணிக்கு விழித்தீர்கள், உதறினால் போகிறதா, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை ஓரத்தில் குறியுங்கள். நோயாளி தீட்டிய இந்தப் படத்தைப் பார்த்து நோயை ஊகிக்கும் முறை மருத்துவர்களிடம் பழக்கத்தில் இருப்பதுதான். தாளில் தேதி போட்டு வையுங்கள். ஆறு வாரம் பட்டை கட்டிய பிறகு இன்னொரு தாளில் வரைந்து, இரண்டையும் டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள்.